தவணை தவறிய பின் போக்குவரத்துத் தண்டத்தை எதிர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பு நீதவான் நீதிமன்றங்களில் வாகன வழக்குகளைப் பேசிவரும் சட்டத்தரணி என்ற வகையில், வழக்குத் தவணையை, அதாவது மன்றில் ஆஜராக வேண்டிய நாளை, தவறவிட்டவர்கள் ஒரே பிழைகளைத் திரும்பத் திரும்பச் செய்வதை நான் பார்த்து வருகிறேன். அவர்களுக்காக முதன்முறையாக மன்றில் எழுந்து நிற்கும் இளம் சட்டத்தரணிகளும், எங்கள் தலைமுறை தொழிலுக்கு வந்த புதிதில் சறுக்கிய அதே இடங்களிலேயே சறுக்குகிறார்கள். திகதியைக் குறித்து வையுங்கள், பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள் என்பன எவருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன். வழக்கைப் பாழாக்குபவை வேறு.

தீர்ப்பு வருமுன் மேன்முறையீடு தேடுவது

"அப்பீல் போட வேண்டும்" என்று சொல்லிக்கொண்டுதான் பெரும்பாலானோர் வருகிறார்கள். எந்தத் தீர்ப்புக்கு எதிராக என்று கேட்டால் பதில் இருப்பதில்லை. வீதியில் பொலிஸ் உத்தியோகத்தர் எழுதிக்கொடுக்கும் தண்டப் பத்திரம் தீர்ப்பு அல்ல. அதிலுள்ள தொகையை 14 நாட்களுக்குள் தபாலகத்தில் செலுத்தினால் விடயம் அத்துடன் முடிகிறது. அதன் பின் 28 நாட்கள் வரை இரட்டிப்புத் தொகை. அதுவும் கடந்தால் வழக்கு. குற்றத்தை மறுப்பவர் பணம் செலுத்தாமல் நீதவான் முன் தன் பக்கத்தைச் சொல்லக் காத்திருக்கலாம். அது அவருடைய உரிமை. மது அருந்தி வாகனம் செலுத்தியமை, சாரதி அனுமதிப்பத்திரமோ காப்புறுதியோ இன்றிச் செலுத்தியமை போன்ற குற்றச்சாட்டுகளுக்குத் தபாலக வழியே கிடையாது. அவை நேரே நீதிமன்றத்துக்குப் போகின்றன.

தவணைக்கு ஆள் வராதபோது நீதவான் வழமையாகச் செய்வது பிடியாணை பிறப்பிப்பதே. பிடியாணை என்பது ஆளை மன்றுக்குக் கொண்டுவருவதற்கான கட்டளை. அவர் சிவப்பு விளக்கைக் கடந்தாரா இல்லையா என்பது பற்றி அதில் ஒரு சொல்கூட இராது. ஆகவே அந்தக் கட்டத்தில் மேன்முறையீடு செய்வதற்கு எதுவும் இல்லை. செய்ய வேண்டியது, நகர்த்தல் பத்திரம் எனப்படும் எழுத்துமூல விண்ணப்பத்தால் வழக்கை அழைப்பித்து, தானாகவே மன்றில் ஆஜராகி, வராமைக்கான காரணத்தைச் சொல்லி, பிடியாணையை மீளப்பெறுமாறு வேண்டுவதுதான். எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர், தலைமறைவாகிவிட்டார் என்று மன்று கருதினால் அவர் இல்லாமலே விசாரணையை நடத்தவும் சட்டத்தில் இடமுண்டு. அவ்வாறு தீர்ப்பே வந்திருந்தால் பாதை மாறும். உங்கள் வழக்கில் இருப்பது வெறும் பிடியாணையா, குற்றத்தீர்ப்பா என்பதைப் பதிவாளர் அலுவலகத்தில் வழக்குக் கோவையைப் பார்த்து உறுதிசெய்யாமல் ஒரு பத்திரத்தையும் தயாரிக்கக் கூடாது. வழக்கிலக்கத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, கோவையைத் திறந்து பாராமல் மனு எழுதத் தொடங்கும் இளையவர்களை ஒவ்வொரு வருடமும் காண்கிறேன்.

பிடியாணையை மீளப்பெறப் போய்க் குற்றத்தை ஏற்றுக்கொண்டு வருவது

எனக்கு இன்றும் ஆற்றாமையைத் தருவது இந்தப் பிழைதான். மற்ற எல்லாவற்றையும் ஏதோவொரு வகையில் திருத்தலாம். இதைத் திருத்துவது மிகக் கடினம்.

கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த பாடசாலை வான் சாரதி ஒருவர் என்னிடம் வந்தார். காலி வீதிச் சந்தியொன்றில் சிவப்பு விளக்கைக் கடந்ததாக அவருக்குத் தண்டப் பத்திரம் எழுதப்பட்டிருந்தது. தான் மஞ்சள் விளக்கில் சந்திக்குள் நுழைந்ததாகவும், முன்னால் தார்ப்பாய் மூடிய லொறியொன்று நின்றுவிட்டதால் நடுவில் அகப்பட்டதாகவும் அவர் அன்றே பொலிஸாரிடம் சொல்லியிருக்கிறார். அவர்கள் ஏற்கவில்லை. அவரும் பணம் செலுத்தவில்லை. இதுவரை எல்லாம் சரி. வழக்குத் தவணை வந்தபோது அவர் நெருங்கிய உறவினரின் மரணச் சடங்குக்காக யாழ்ப்பாணம் போயிருந்தார். பிடியாணை பிறப்பிக்கப்பட்டது.

செய்தி அறிந்ததும் பதற்றத்தோடு தனியாகவே நீதிமன்றம் போய்ச் சரணடைந்தார். அன்று மன்றில் நல்ல கூட்டம். பெயர் கூப்பிடப்பட்டது, கூண்டில் ஏறினார், பிடியாணை மீளப்பெறப்பட்டது, அதே மூச்சில் குற்றச்சாட்டு சிங்களத்தில் வாசிக்கப்பட்டது. தவணைக்கு ஏன் வரவில்லை என்று கேட்கிறார்கள் என எண்ணிக்கொண்டு அவர் தலையை ஆட்டி, "ஓம், பிழைதான்" என்றார். அது குற்றத்தை ஏற்றதாகப் பதிவாயிற்று. தண்டப்பணத்தைக் கட்டிவிட்டு, பிடியாணை போய்விட்டதே என்ற நிம்மதியோடு வீடு திரும்பினார்.

சில நாட்கள் கழித்துத்தான் என்னிடம் வந்தார். வானின் கண்ணாடியில் பொருத்தியிருந்த கமராவின் பதிவைக் கைப்பேசியில் காட்டினார். முன் சில்லு வெள்ளைக் கோட்டைத் தாண்டும்போது விளக்கு மஞ்சளாகவே இருந்தது. அதற்கு அப்பால் லொறியின் பின்புறம் அசையாமல் நிற்கிறது. விசாரணைக்குப் போயிருந்தால் அந்தச் சில விநாடிகளே அவருக்குப் போதுமான எதிர்வாதமாக இருந்திருக்கும். இப்போது அதைக் காட்டுவதற்கு விசாரணை இல்லை.

காரணம் இதுதான். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, எதிரி எவ்விதக் கட்டுப்பாடுமின்றித் தன் குற்றத்தை ஏற்றுக்கொண்டால் நீதவான் சாட்சிகளை அழைக்காமலே குற்றவாளி எனத் தீர்த்துத் தண்டனை வழங்குவார். சாட்சியம் பதியப்படாத வழக்கில் சாட்சியத்தைச் சரியாக எடைபோடவில்லை என்று மேல் நீதிமன்றத்தில் எப்படி வாதிடுவது? குற்றத்தை ஏற்றவருக்கு மேன்முறையீட்டின் கதவு பெரும்பாலும் அந்த இடத்திலேயே அடைபடுகிறது.

இந்த மனிதர் தண்டத்தை எதிர்ப்பதற்காகவே தன் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பொலிஸாரிடம் விட்டுவிட்டு அத்தனை நாள் அலைந்தவர் என்பதுதான் என் மனத்தை வருத்துகிறது. தவணைக்கு வராதது குறித்த வெட்கத்தை, விளக்கைக் கடந்ததாகச் சொல்லப்படும் குற்றத்தோடு அவர் சேர்த்துவிட்டார். மன்றுக்கு இவை இரண்டும் வேறு வேறு விடயங்கள். வராமைக்கு வருத்தம் தெரிவியுங்கள், காரணம் சொல்லுங்கள், தேவையான பிணையைக் கொடுங்கள். குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டதும் "நான் சுற்றவாளி", அதாவது குற்றமற்றவர், என்று தெளிவாகச் சொல்லுங்கள். தவணை தவறியவர் சுற்றவாளி என்று சொன்னால் நீதவான் கோபித்துக்கொள்வார் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அந்தப் பயத்துக்கு ஆதாரம் எதுவும் இல்லை; அவர் விசாரணைக்கு ஒரு திகதி குறிப்பார், அவ்வளவுதான்.

மொழி பற்றியும் இங்கேயே சொல்லியாக வேண்டும். கொழும்பு நீதிமன்றங்களின் நடவடிக்கை சிங்களத்தில் நடந்தாலும், அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தமிழில் வழக்கில் பங்குபற்றும் உரிமையையும், மன்றின் மொழி தெரியாதவருக்கு அரச செலவில் உரைபெயர்ப்பையும் உறுதிப்படுத்துகிறது. மன்றில் மொழிபெயர்ப்பாளர் முதலியார் இருப்பார். சந்தையிலும் பஸ்ஸிலும் பேசும் சிங்களம் நன்றாக வரும் என்பதற்காக, குற்றப்பத்திரத்தின் சிங்களமும் விளங்கும் என்று எண்ண வேண்டாம். "எனக்குத் தமிழில் சொல்லுங்கள்" என்று கேட்கத் தயங்கியதாலேயே குற்றவாளியானவர்களை நான் அறிவேன்.

குற்றத்தை ஏற்றுவிட்டதாக அங்கேயே உணர்ந்தால் ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. தண்டனை வழங்கப்படும் முன், நீதவானின் அனுமதியுடன் அந்த ஏற்பை மீளப்பெறச் சட்டக்கோவையின் 183ஆம் பிரிவு இடமளிக்கிறது; அப்போது வழக்கு வழமைபோல் விசாரணைக்குப் போகும். நெரிசலான நாளில் ஏற்புக்கும் தண்டனைக்கும் இடையே ஒரு நிமிடம்கூட இருக்காது என்பதால், சட்டத்தரணி கூண்டின் அருகே நின்றிருக்க வேண்டும். வெளியே விறாந்தையில் அடுத்த கட்சிக்காரருடன் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. அதேபோல, "கடந்தேன், ஆனால் அப்போது மஞ்சள் விளக்கு" என்று சொல்பவர் குற்றத்தை முழுமையாக ஏற்றவர் அல்லர். அவர் சொன்ன சொற்கள் இயன்றவரை அப்படியே பதியப்பட வேண்டும் என்பது அதே பிரிவின் ஏற்பாடு. இளம் சட்டத்தரணிகள் அந்த இடத்தில் எழுந்து அதை வலியுறுத்த வேண்டும்.

தரகர்கள்

நீதிமன்ற வாசலில் "நான் முடித்துத் தருகிறேன்" என்பவரிடம் பணமோ பத்திரமோ கொடுக்க வேண்டாம்.

வழக்கு தொடரப்பட்ட பின் பொலிஸ் நிலையத்தில் பேசுவது

பயனில்லை. வழக்கு இப்போது நீதவானிடம் இருக்கிறது.

பழைய முகவரி

2024 ஜனவரியிலிருந்து கொழும்பில் சீசீடிவி கமராக்கள் மூலமும் வீதிக் குற்றங்கள் கண்டறியப்படுகின்றன. அவ்வாறு கண்டறியப்படுவது குறித்த அறிவித்தல், சாரதியைத் தேடிப் போவதில்லை. வாகனத்தின் பதிவுசெய்யப்பட்ட உரிமையாளரைத் தேடிப் போகிறது. வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்துகொண்டு, வாகனத்தைப் பருத்தித்துறை முகவரியிலோ மட்டக்களப்பு முகவரியிலோ பதிந்து வைத்திருப்பவர்கள் நம்மில் ஏராளம். பெயர் மாற்றாமல், முந்திய உரிமையாளர் ஒப்பமிட்ட படிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓடுபவர்களும் குறைவல்லர். இவர்களில் பலருக்கு வழக்கு இருப்பதே பிடியாணை வந்த பின்தான் தெரிகிறது.

இது உங்கள் நிலைமையாக இருந்தால், வாய்மொழியாக "எனக்குக் கடிதம் வரவில்லை" என்பது போதாது. அழைப்பாணை எந்த முகவரிக்கு அனுப்பப்பட்டது, அதைச் சேர்ப்பித்தவர் என்ன அறிக்கை கொடுத்திருக்கிறார் என்பது வழக்குக் கோவையில் இருக்கும். அந்தப் பக்கத்தின் அத்தாட்சிப்படுத்திய பிரதியையும், அக்காலத்தில் நீங்கள் வேறிடத்தில் வசித்தமைக்கான வாடகை ஒப்பந்தம், கிராம உத்தியோகத்தர் சான்றிதழ் போன்ற ஒன்றையும் சேர்த்துச் சமர்ப்பியுங்கள். வாகனத்தை விற்றுவிட்டவர் விற்ற திகதியைக் காட்டும் பத்திரத்தைக் கொண்டுவர வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி மன்று அவரை விடுவிக்காது.

நோய்ச் சான்றிதழைப் பிந்தி எடுப்பது

தவணைக்குப் பல நாள் கழித்து எழுதிவாங்கிய சான்றிதழ் உங்கள் நேர்மையையே சந்தேகத்துக்குள்ளாக்கும். வைத்தியசாலையில் இருந்திருந்தால் அனுமதிக்கப்பட்ட திகதியும் வெளியேறிய திகதியும் உள்ள அட்டையைக் கொண்டுவாருங்கள்.

காலம் கடந்த தற்காலிகப் பத்திரத்துடன் ஓடுவது

அனுமதிப்பத்திரத்தைப் பொலிஸார் வைத்திருக்கும் காலத்தில் கையிலுள்ள தற்காலிகப் பத்திரத்துக்கு முடிவுத் திகதி உண்டு. அது முடிந்த பின் வாகனம் செலுத்துவது, முதல் வழக்கைவிடப் பாரதூரமான இரண்டாவது வழக்கைத் தேடிக்கொள்வதாகும்.

14 நாட்களைப் பிழையாக எண்ணுவது

விசாரணை நடந்து குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டவருக்கு மேன்முறையீட்டு உரிமை உண்டு. அதற்கான காலமும் 14 நாட்கள் என்பதால், தபாலகத்தில் பணம் செலுத்தும் 14 நாட்களோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். தபாலகக் காலம் தண்டப் பத்திரத்தின் திகதியிலிருந்து ஓடுகிறது. மேன்முறையீட்டுக் காலம் தீர்ப்பு அல்லது இறுதிக் கட்டளை வழங்கப்பட்ட நாளிலிருந்து ஓடுகிறது. தீர்ப்பின் பிரதி கையில் கிடைத்த நாளிலிருந்தோ, சட்டத்தரணியைச் சந்தித்த நாளிலிருந்தோ அல்ல. பிரதி வரட்டும் என்று காத்திருந்து காலம் கடந்தவர்கள் பலர்.

இன்னொரு சறுக்கல், மனுவை எங்கே கொடுப்பது என்பதில் நடக்கிறது. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்துக்குப் பின், நீதவான் நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு எதிரான மேன்முறையீட்டை மாகாண மேல் நீதிமன்றம் கேட்கிறது. எனவே மனுவோடு நேரே மேல் நீதிமன்றக் கருமபீடத்துக்குப் போகிறார்கள். மேன்முறையீட்டு மனுவைத் தாக்கல் செய்ய வேண்டிய இடம் தீர்ப்பளித்த அதே நீதவான் நீதிமன்றம்; கோவையை மேலே அனுப்புவது அந்த மன்றின் வேலை. கடைசி நாள் பிற்பகலில் தவறான கருமபீடத்தின் முன் நிற்பவருக்கு மறுநாள் சரியான இடத்தைக் கண்டுபிடித்தும் பயனில்லை. சட்டப் பிரச்சினை ஒன்றை எழுப்புவதானால், அது தீர்மானத்துக்கு உகந்த பிரச்சினை என்ற சட்டத்தரணியின் சான்றும் மனுவில் இருக்க வேண்டும்.

மீளாய்வை இரண்டாவது மேன்முறையீடாக நினைப்பது

காலம் கடந்தவருக்கும் குற்றத்தை ஏற்றுவிட்டவருக்கும் எஞ்சுவது, கீழ் மன்றின் கட்டளையை மீண்டும் பரிசீலிக்கும் மாகாண மேல் நீதிமன்றத்தின் மீளாய்வு அதிகாரம். இது உரிமை அல்ல, மன்றின் தற்றுணிபு; விரும்பினால் மட்டுமே மன்று அதைப் பயன்படுத்தும். விசேட சூழ்நிலை இருந்ததைக் காட்ட வேண்டும். ஏன் மேன்முறையீடு செய்யவில்லை, ஏன் தாமதம் என்பவற்றுக்கும் சத்தியக்கடதாசியில் விடை இருக்க வேண்டும். கட்டணமும் அலைச்சலும் தண்டப்பணத்தைப் பல மடங்கு விஞ்சிவிடும் என்பதை நான் கட்சிக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். வான் சாரதிக்கும் அதைத்தான் சொன்னேன். வருமானத்தைக் கணக்குப் பார்த்து அவர் கைவிட்டார். குற்றப்பதிவு அவர் பெயரில் நிற்கிறது.

பணவசதி இல்லாதவர்கள் புதுக்கடையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் தலைமை அலுவலகத்துக்குத் தேசிய அடையாள அட்டை, தண்டப் பத்திரம், வருமானத்தைக் காட்டும் ஆவணம் ஆகியவற்றுடன் போகலாம். மன்றில் சரணடையும் நாளுக்கு முன் போவதே பயன்; குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லும்போது பக்கத்தில் ஒரு சட்டத்தரணி இருப்பதற்கு அப்போதுதான் வழியுண்டு.