கிரைண்டிங் கணக்கு எங்கே பிசகுகிறது?

சுழலும் கல்லால் உருளைத் துண்டை அளவுக்குத் தேய்க்கும் உருளை கிரைண்டிங்குக்குக் கணித மாதிரி போடுபவர்கள் சமன்பாட்டில் தவறுவது அரிது. அதில் இடும் எண்களை வேறு எந்திரத்திலிருந்தோ கையேட்டிலிருந்தோ எடுத்துவிடுவார்கள்; சிக்கல் அங்கேதான்.

நேர மாறிலியைப் பாருங்கள்; தேய்வு ஊட்டத்துக்கு எவ்வளவு நேரம் பின்தங்குகிறது என்பதன் அளவு அது. தேய்க்கும் கல்லான வீலை நொடிக்கு 10 மைக்ரான் உள்ளே செலுத்தினாலும் (இதுதான் ஊட்டம்) உலோகம் உடனே அந்த வேகத்தில் தேயாது. வீலைச் சுழற்றும் ஸ்பிண்டில், துண்டைத் தாங்கும் சென்டர், வேலைத்துண்டு எல்லாமே சற்று வளைந்து கொடுக்கும். நேர மாறிலி 2 நொடி என்றால், கட்டுப்பாட்டுத் திரை காட்டும் இடத்துக்கு 20 மைக்ரான் பின்னால்தான் உண்மையான பரப்பு இருக்கும். ஊட்டத்தை நிறுத்தி 6 நொடி ஸ்பார்க் அவுட் விட்டால், அதாவது வீலை அதே இடத்தில் சுழலவிட்டு மிச்சத்தைத் தேய்த்தால், அந்தப் பின்தங்கல் 1 மைக்ரானாகும். அவசரப்பட்டு 2 நொடியில் வீலை எடுத்தால் ஏழு மைக்ரானுக்கு மேல் மிச்சம். விட்டத்தில் அதுவே இரு மடங்கு.

இந்த மாறிலியை எந்திரத்திலேயே அளக்கலாம். ஸ்பார்க் அவுட்டின்போது மோட்டாரின் வெட்டுத்திறன் 37 சதவீதமாகக் குறைய எடுக்கும் நேரமே அது. வெறுமனே சுழலும் திறனை முதலில் கழிக்க வேண்டும், அதுவும் கூலன்ட் ஓடும் நிலையில் அளந்து. கூலன்டை வாரி வீசவே வீல் கணிசமான திறனைத் தின்கிறது.

இந்த எண்கள் ஆரத்துக்கா விட்டத்துக்கா என்ற குழப்பம் சொல்லவே கூச்சமானது, ஆனாலும் நடக்கிறது.

அடுத்தது வீல். 500 மி.மீ. வீல் புதிதாக இருக்கும்போது நொடிக்கு 35 மீட்டர் வேகம் தரும். சுழற்சியை மாற்றாமல் விட்டால் 350 மி.மீ.க்குத் தேய்ந்தபின் 24.5 மீட்டர்தான். துகள் ஒவ்வொன்றும் கூடுதலாக வெட்டும், வீல் மென்மையானது போல நடந்துகொள்ளும். வீலின் முகத்தைச் சீவிப் புதுப்பிக்கும் (டிரெஸ்ஸிங்) டைமண்டும் தேயும். முனை அகன்றபின் அதே ஊட்டத்தில் டிரெஸ் செய்தால் வீலின் முகம் அடைத்துக்கொண்டு திறன் ஏறும். வீலின் நிலை இப்படி மாறிக்கொண்டே இருப்பதால், எரிதல் வரம்பை (சூட்டில் துண்டின் பரப்பு கெடத் தொடங்கும் எல்லையை) டிரெஸ்ஸிங் முடிந்த முதல் துண்டில் சோதிப்பது வீண். அடுத்த டிரெஸ்ஸிங்குக்கு முந்தைய கடைசித் துண்டை எடுத்து நைட்டல் சோதனை (எரிந்த இடத்தை அமிலக் கரைசலால் காட்டுவது) செய்யுங்கள்.

நேரத்தை மிச்சப்படுத்த ரஃபிங் (முதற்கட்ட வேகத் தேய்ப்பு) ஊட்டத்தை மட்டும் உயர்த்துவதில் பயன் குறைவு. பின்தங்கலும் கூடி ஸ்பார்க் அவுட் நீளும். இலக்கைச் சற்றுத் தாண்டிப் போய் வீலைப் பின்னிழுப்பது நல்ல வழி. ஆனால் உண்மையான நேர மாறிலி கணக்கில் போட்டதைவிடச் சிறியதாக இருந்தால் துண்டு அளவு குறைந்து கழிவாகிவிடும். அதனால் வீலின் ரகத்தையோ வேலைத்துண்டையோ மாற்றியதும் மாறிலியை மறுபடி அளந்த பிறகே இந்த உத்தியில் இறங்குங்கள்.