இசைக்குறிப்பை (நோட்டை) பார்த்ததும் வாசிக்க வைத்தது எப்படி – என் அனுபவம்

என்னிடம் பியானோ கற்கும் பத்து வயதுப் பெண், கிரேடு 3 பாடங்களை மனப்பாடமாக அழகாக வாசிப்பாள், ஆனால் புது இசைத்தாள் ஒன்றை வைத்தால் அப்படியே நின்றுவிடுவாள். ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியத்தின் தேர்வில் 150-க்கு 21 மதிப்பெண் இப்படிப் புதுத் தாளைப் பார்த்து வாசிப்பதற்குத்தான், பார்த்துக்கொள்ள அரை நிமிடம் தருவார்கள்.

ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கண்களை மட்டும் கவனித்தேன். ஒவ்வொரு நோட்டுக்கும் தாளிலிருந்து கைக்கு இறங்கி, திரும்பப் போய் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். தடுமாற்றம் விரலில் இல்லை, கண்ணில்!

ஒரு மெல்லிய துண்டை அவள் கைகளுக்கு மேல் விரித்துவிட்டேன். முதல் வாரம் அழாத குறை. ஆனால் கறுப்புக் கட்டைகள் இரண்டிரண்டாக, மும்மூன்றாக இருப்பதை விரல் தானே தடவிக் கண்டுபிடித்தது. மிடில் சி (பியானோவின் நடுவே உள்ள சி), ட்ரெபிள் கிளெஃபில் (உயர்ந்த சுரங்களுக்கான ஐந்து கோடுகளில்) கீழிருந்து இரண்டாவது கோட்டின் ஜி, பேஸ் கிளெஃபில் (தாழ்ந்த சுரங்களுக்கான ஐந்து கோடுகளில்) மேலிருந்து இரண்டாவது கோட்டின் எஃப், இந்த மூன்றையும் அடையாளமாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து ஒரு படி ஏறுகிறதா, தாவுகிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னேன்.

அப்புறம் முக்கியமானது, தப்பினாலும் நிற்கக் கூடாது. நான் இடது கைப் பகுதியை வாசிக்க, அவள் வலது கையை வாசிப்பாள். நான் நிற்கவே மாட்டேன், விட்ட இடத்தை விட்டுவிட்டு அடுத்த பாரில் (தாளில் கோடு போட்டுப் பிரித்த அடுத்த பகுதியில்) வந்து சேர வேண்டியதுதான். அவள் நிலையைவிட இரண்டு கிரேடு எளிதான தாள்கள், தினம் ஐந்து நிமிடம், ஒரே தாள் இரண்டு தடவை கிடையாது. அந்த அரை நிமிடத்தில் ஷார்ப் (சுரத்தை அரைப் படி ஏற்றும் குறி), ஃப்ளாட் (அரைப் படி இறக்கும் குறி) எத்தனை என்று பார்த்து, கடினமான பாரைக் கண்டுபிடித்து, அதற்கேற்ற வேகத்தில் தொடங்கப் பழகினாள்.

மூன்றாவது மாதம், துண்டை எடுத்த பிறகும் கீழே பார்க்காமல் எட்டு பார் வாசித்துவிட்டு, "இன்னொண்ணு குடுங்க மிஸ்" என்றாள்.