கசிவே இல்லை, பிரஷர் மட்டும் இறங்கியது

10 பார் பிரஷரில் ஓட வேண்டிய பைப் லைனுக்கு 15 பாரில் ஹைட்ரோ டெஸ்ட், அதாவது தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்க்கும் சோதனை. நாலு மணி நேரத்தில் 13க்கு இறங்கிவிடும். ஒரு சொட்டுக் கசிவு இல்லை. பிரஷர் காட்டும் கேஜை மாற்றினோம். பிரஷரை முழுக்க இறக்கிவிட்டு பைப்புகளை இணைக்கும் ஃபிளாஞ்சுகளைப் பிரித்து, நடுவில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டும் புதிதாகப் போட்டோம். மூன்று நாள் போனது.

அப்புறம்தான் கவனித்தேன்: கைப்பம்பை எவ்வளவு அடித்தாலும் முள் சோம்பலாகவே ஏறியது. தண்ணீர் மட்டும் இருந்தால் சில அடியிலேயே குதித்திருக்கும். இறக்கும்போதும் சட்டென்று விழாமல் வெகுநேரம் பீய்ச்சியது. உள்ளே காற்று! ரோட்டைத் தாண்டும் வளைவின் உச்சியில் காற்றை வெளியேற்றும் வென்ட்டே இல்லை. அமுங்கிய காற்று தண்ணீரில் கரையக் கரைய பிரஷர் குறைந்திருக்கிறது. ஏதாவது பிய்த்துக்கொண்டிருந்தால் அந்தக் காற்றே வெடித்துத் தள்ளியிருக்கும்.

லைனை வடித்து, உச்சியில் வென்ட் வைத்து, கீழிருந்து மெதுவாக நிரப்பி, குமிழி நின்ற பிறகே மூடினோம். நாலு மணி நேரம் முள் அசையவில்லை. அப்பாடா!