ஆன் ஆர்பரில் ஆட்ட நாள்: சாப்பாட்டு விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செப்டம்பர் பிறந்து, ஆன் ஆர்பரில் இருக்கும் மிஷிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் சீசன் தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டு போனுக்கு ஓய்வு கிடையாது. பிள்ளையை இங்கே சேர்த்திருக்கும் பெற்றோர், சிகாகோவிலிருந்தும் கொலம்பஸிலிருந்தும் வரும் நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "சனிக்கிழமை மேட்சுக்கு வர்றோம், எங்கே சாப்பிடலாம்?" போன வருடம் வந்தவர்கள் செய்த அதே தவறுகளை இந்த வருடம் வருபவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். அதனால்தான் எழுதி வைக்கிறேன். சீக்கிரம் கிளம்புங்கள், பணம் கொஞ்சம் கூடவே வைத்துக்கொள்ளுங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

கூட்டத்தின் அளவை மட்டும் முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். 2020 கணக்கெடுப்பில் இந்த ஊரின் மக்கள்தொகை 1,23,851. 'பிக் ஹவுஸ்' என்று எல்லோரும் சொல்லும் மிஷிகன் ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். 1975 நவம்பர் முதல், கொரோனா ஆண்டைத் தவிர்த்தால், இங்கே நடந்த எந்த ஆட்டத்துக்கும் கூட்டம் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கியதில்லை. டிக்கெட் இல்லாமல் டெயில்கேட்டுக்கு (ஆட்டத்துக்கு முன் கார்களுக்குப் பக்கத்தில் அடுப்பு வைத்து நடக்கும் விருந்து) மட்டும் வருகிறவர்கள் தனிக்கணக்கு. ஆனால் ஊரில் உள்ள அடுப்புகளின் எண்ணிக்கை சாதாரண சனிக்கிழமைக்கு எத்தனையோ அத்தனைதான்.

கிக்காஃப் (ஆட்டம் தொடங்கும்) நேரம் தெரியாமல் மேசை பதிவு செய்வது

எனக்கு இன்றும் ஆறாமல் இருப்பது இந்தத் தவறுதான். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்லப் போகிறேன்.

கல்லூரி ஃபுட்பாலில் தேதி ஒரு வருடத்துக்கு முன்பே தெரிந்துவிடும், நேரம் தெரியாது. நேரத்தை முடிவு செய்வது டிவி நிறுவனங்கள். மிஷிகன் ஆடும் பிக் டென் லீக் அணிகளின் ஆட்டங்களுக்கு 2023 முதல் நடப்பில் உள்ள ஒப்பந்தத்தின்படி, பகல் 12 மணி ஆட்டம் பெரும்பாலும் ஃபாக்ஸுக்கு, 3:30 ஆட்டம் சி.பி.எஸ்ஸுக்கு, இரவு ஆட்டம் என்.பி.சிக்கு. சீசனின் முதல் சில வாரங்களுக்கும் சில பெரிய ஆட்டங்களுக்கும் கோடையிலேயே நேரம் அறிவித்துவிடுவார்கள். மற்றவற்றுக்கு, ஆட்டத்துக்கு 12 நாள் முன்னால்தான் தெரியும். சில வாரங்களில் அதையும் தள்ளிப்போட்டு 6 நாள் இருக்கும்போது சொல்வார்கள். எந்த அணி நன்றாக ஆடுகிறது, எந்த ஆட்டத்தை நாடே பார்க்கும் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இண்டியானாவில் இருக்கும் நண்பர் ஒருவரின் மகள் இங்கே முதலாண்டு சேர்ந்தாள். அக்டோபர் ஆட்டம் ஒன்றுக்கு அவர் குடும்பத்தோடு வந்தார்; அவருடைய அம்மாவையும் சேர்த்து எட்டுப் பேர். முந்தைய ஆட்டம் 3:30க்கு நடந்ததால் இதுவும் 3:30தான் என்று அவராகவே முடிவு செய்து, டவுன்டவுனில் நல்ல உணவகம் ஒன்றில் பகல் 1 மணிக்கு எட்டுப் பேருக்கு மேசை பதிவு செய்தார். ஆட்ட நாள் என்பதால் தலைக்கு இவ்வளவு என்று முன்பணம். பதிந்த நாளுக்கு மூன்று நாள்கூட இல்லாதபோது ரத்து செய்தால் பணம் திரும்பாது. ஆட்டம் 12 மணிக்கு என்று அறிவிப்பு வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் அதைப் பார்த்தது வியாழக்கிழமை இரவு. அவர் கையில் இருந்த டிக்கெட்டில் நேரம் பின்னர் அறிவிக்கப்படும் என்றே போட்டிருந்தது!

முன்பணம் போனதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. 12 மணி ஆட்டம் என்றால் 3:30 வாக்கில் முடியும். காலையில் ஹோட்டலில் ஆளுக்கு ஒரு மஃபின் சாப்பிட்டதோடு எட்டுப் பேரும் பசியில் வெளியே வந்தார்கள். கூடவே இன்னும் ஒரு லட்சம் பேர். மெயின் ஸ்ட்ரீட்டில் ஏறிய ஒவ்வொரு வாசலிலும் இரண்டு மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். எழுபதைத் தாண்டிய அந்த அம்மா நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் பெட்ரோல் பங்க் கடையில் வாங்கிய சிப்ஸும் வாழைப்பழமும்தான் அன்றைய மதியச் சாப்பாடு. மகளோடு உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட வேண்டும் என்றுதான் அவ்வளவு தூரம் கார் ஓட்டி வந்தார்கள். அது நடக்கவே இல்லை. ஒரு நிமிடம் செலவழித்து நேரத்தைப் பார்த்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்பதால்தான் எனக்கு இவ்வளவு கோபம் வருகிறது.

சரி, எப்படித் திட்டமிடுவது? நேரம் அறிவிக்கும் வரை முன்பணம் கேட்கும் எந்த இடத்திலும் பதியாதீர்கள். கட்டாயம் ஒரு நல்ல சாப்பாடு வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை இரவுக்குப் பதியுங்கள். கிக்காஃப் எத்தனை மணிக்கு மாறினாலும் வெள்ளி இரவு மாறாது.

12 மணி ஆட்டம் என்றால் காலை 8 மணிக்கே வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுங்கள். மதிய உணவு என்ற ஒன்றை மறந்துவிடுங்கள். ஆட்டம் முடிந்ததும் உணவகத்துக்கு ஓட வேண்டாம்; வளாகத்தில் மெதுவாகச் சுற்றிவிட்டு 6:30க்கு மேல் போனால் முதல் அலை வடிந்திருக்கும். 3:30 ஆட்டம்தான் சாப்பாட்டுக்காரர்களுக்கு வரம். காலையில் கீழே சொல்லும் விவசாயிகள் சந்தைக்குப் போகலாம், 11 மணிக்கெல்லாம் மதியச் சாப்பாட்டை முடிக்கலாம். இரவுக்கு மட்டும் 8:30க்குப் பிறகு பதியுங்கள்; 7:30க்குப் பதிந்தால் ஸ்டேடியத்திலிருந்து நடந்து வருவதற்குள் மேசை கைமாறிவிடும். இரவு ஆட்டத்தில் ஆபத்து கடைசியில் இருக்கிறது. முடியும்போது 11 மணி ஆகிவிடும், பெரும்பாலான சமையலறைகள் மூடியிருக்கும். பீட்சா கடைகளே கதி, அவற்றிலும் வரிசை. ஹோட்டல் அறையில் ஏதாவது வாங்கி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

பரம எதிரியான ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியோடு மோதும் ஆட்டம் ஒற்றைப்படை ஆண்டுகளில் இங்கே நடக்கும். நவம்பர் நான்காவது வியாழனில் வரும் தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த சனிக்கிழமை, வழக்கமாக 12 மணி. அந்த ஒன்றுக்கு மட்டும் பல மாதம் முன்பே 12 மணி என்று நம்பித் திட்டமிடலாம்.

ஜிங்கர்மேன்ஸ் வாசலில் பகல் நேரத்தில் போய் நிற்பது

1982இல் டெட்ராய்ட் ஸ்ட்ரீட்டில் திறந்த ஜிங்கர்மேன்ஸ் டெலி என்ற சாண்ட்விச் கடைக்குப் போகாமல் ஊரை விட்டுக் கிளம்ப யாருக்கும் மனம் வராது. அதில் தப்பே இல்லை. ரூபன் சாண்ட்விச்சுக்காக மட்டுமே வருகிறவர்கள் உண்டு: கார்ன்டு பீஃப், சுவிஸ் சீஸ், புளிக்கவைத்த முட்டைக்கோஸ், ரஷ்யன் டிரெஸ்ஸிங், எல்லாம் ரை ரொட்டிக்கு நடுவில். அது மாட்டிறைச்சி என்பதைச் சாப்பிடாதவர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். வேறு சாண்ட்விச்சுகள் நிறைய இருக்கின்றன, சைவமும் சேர்த்து.

பிரச்சினை நேரத்தில்தான். ஆட்ட நாளில் பதினொன்றரைக்குப் போனால் வரிசை தெருவில் நிற்கும். கடை திறந்து கொஞ்ச நேரத்திலேயே போங்கள், இல்லையென்றால் முன்கூட்டி ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சாண்ட்விச் 20 டாலர் அளவில் வரும். பெரியது, இரண்டு பேர் பகிரலாம்.

பக்கத்திலேயே கெர்ரிடவுனில் சனிக்கிழமை விவசாயிகள் சந்தை நடக்கிறது. ஆட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியவே தெரியாது. அக்டோபரில் போனால் ஆப்பிள் வகைகளே ஒரு மேசை நிறைய அடுக்கியிருப்பார்கள்.

ஸ்டேடியம் பக்கத்தில் ஏதாவது இருக்கும் என்று நினைப்பது

இருக்காது. ஸ்டேடியத்தைச் சுற்றி இருப்பவை ஓர் உயர்நிலைப் பள்ளி, கோல்ஃப் மைதானம், ரயில் பாதை, வீடுகள். உணவகங்கள் எல்லாம் வடக்கே, சுமார் ஒரு மைல் தள்ளி டவுன்டவுனில். அப்புறம், ஸ்டேடியத்துக்குள் போய்விட்டு வெளியே வந்தால் திரும்ப விட மாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்த ஒரு மைலைச் சுமையாக நினைக்காதீர்கள். நான் எல்லோருக்கும் சொல்லும் வழி ஆஷ்லி ஸ்ட்ரீட். மெயின் ஸ்ட்ரீட்டுக்கு ஒரு தெரு மேற்கே, அதற்கு இணையாகவே போகும், கூட்டம் குறைவு. இந்த ஒரே தெருவில் மூன்று நல்ல இடங்கள் இருக்கின்றன. முதலில் ஃப்ளீட்வுட் டைனர். ரயில் பெட்டி அளவு கடை. அங்கே 'ஹிப்பி ஹாஷ்' கேளுங்கள்: துருவி முறுகலாக வறுத்த உருளைக்கிழங்கு, மேலே வதக்கிய வெங்காயம், குடைமிளகாய், காளான், ப்ரோக்கோலி, அதற்கும் மேலே ஃபெட்டா சீஸ். சைவம், வயிறும் நிறையும்.

அடுத்தது ப்ளிம்பி பர்கர். 1953இல் தொடங்கிய கடை, பிறகு இந்தத் தெருவுக்கு இடம் மாறியது. இங்கே ஆர்டர் கொடுக்க ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் எண்ணெயில் பொரித்த வகைகள், பிறகு எத்தனை பேட்டி (பன்னுக்கு நடுவில் வைக்கும் தட்டையான இறைச்சி வட்டு), எந்த பன், கல்லில் வதக்க வேண்டியவை என்ன. சீஸ் என்னவென்று அவர்கள் கேட்கும்போது மட்டும் சொல்லுங்கள். கெட்சப், ஊறுகாய் எல்லாம் கடைசியில். வரிசை மாற்றிச் சொன்னால் அதட்டுவார்கள்; அது அந்தக் கடையின் வழக்கம், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஸ்டேடியத்தை நெருங்கும்போது, ஆஷ்லியும் மேடிசனும் சந்திக்கும் முனையில் வாஷ்டெனா டெய்ரி. 1934 முதல் இருக்கிறது. கடையிலேயே போடும் டோனட், காபி, ஐஸ்கிரீம். சனிக்கிழமை காலையில் மஞ்சளும் நீலமும் உடுத்திய பெரியவர்கள் காகிதக் கோப்பையோடு வாசலில் நின்று, போன வார ஆட்டத்தில் கோட்டைவிட்டதை அலசிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் போய் நின்றால் உங்களையும் பேச்சில் சேர்த்துக்கொள்வார்கள். ஆட்ட நாளின் ருசி எனக்கு இந்த முனையில்தான் இருக்கிறது.

பாஸ்போர்ட்டை ஹோட்டலில் விட்டுவிட்டு வருவது

குடிக்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். தலை நரைத்திருந்தாலும் சில வாசல்களில் அடையாள அட்டை கேட்பார்கள். ஊரிலிருந்து வந்த அப்பாவின் இந்திய ஓட்டுநர் உரிமத்தை ஏற்காமல் திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

காலையிலேயே தொடங்கி ஆட்டத்துக்குள் ஓய்ந்துவிடுவது

மிஷிகனில் காலை 7 மணியிலிருந்து மது விற்கலாம். 12 மணி ஆட்டம் என்றால் சவுத் யுனிவர்சிட்டி பக்கத்து பார்களில் காலையிலேயே மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள். அவர்களுக்கு இருபத்திரண்டு வயது. அவர்களோடு போட்டி போடாதீர்கள். நல்ல பீர் வேண்டுமென்றால் ஆட்டத்துக்குப் பிறகு, வாஷிங்டன் ஸ்ட்ரீட்டில் கிரிஸ்லி பீக், மெயின் ஸ்ட்ரீட்டில் ஜாலி பம்கின், ஸ்டேட் ஸ்ட்ரீட்டில் ஆஷ்லீஸ் என்று உட்கார்ந்து குடிக்கும் இடங்கள் இருக்கின்றன. 2024 முதல் ஸ்டேடியத்துக்குள்ளும் பீர் விற்கிறார்கள். ஆகவே உள்ளே போவதற்கு முன்பே எல்லாவற்றையும் குடித்துவிட வேண்டும் என்ற அவசரத்துக்கு இப்போது காரணமே இல்லை.

கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்காதீர்கள். அபராதம்.

டெயில்கேட்டுக்கு வெறுங்கையோடு போவது

கூடாது.

சைவம் கிடைக்காது என்று சிப்ஸோடு நாளை ஓட்டுவது

நம் ஆட்கள் அதிகம் செய்வது இது. பள்ளி மைதானத்திலும் கோல்ஃப் மைதானத்திலும் டெயில்கேட் போடுபவர்கள் பெரும்பாலும் தாராளமானவர்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். சைவ பேட்டியை நீங்களே வாங்கிப் போய், கூடவே ஒரு சுருள் அலுமினியத் தாளும் எடுத்துப் போங்கள். தாளை விரித்து அதன்மேல் சுட்டுத் தரச் சொன்னால் மாட்டிறைச்சி பட்ட கம்பியில் படாது. யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

டவுன்டவுனில் லிபர்ட்டி ஸ்ட்ரீட்டில் ஜெருசலேம் கார்டன். அங்கே ஃபலாஃபெல் (கொண்டைக்கடலை வடை) நன்றாக இருக்கும், சீக்கிரமும் கிடைக்கும். ஃபிஃப்த் அவென்யூவில் எர்தன் ஜார், எடை போட்டு விற்கும் இந்திய சைவ பஃபே. ஃப்ரீட்டா பாட்டிடோஸில் கறுப்பு பீன்ஸ் பேட்டி உண்டு. தோசையும் சாட்டும்தான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் பக்கத்து ஊரான கேன்டன் பக்கம் கார் ஓட்ட வேண்டும். நீஹீஸ் அங்கேதான் இருக்கிறது, முழுக்க சைவம். அதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் காரை எடுப்பது

தேர் நிலைக்கு வராத மாடவீதியில் காரை நுழைப்பது மாதிரிதான். ஸ்டேடியத்துக்கு முன்னால் மெயின் ஸ்ட்ரீட்டையே அடைத்திருப்பார்கள். ஒரு மணி நேரமாவது பொறுங்கள்.

அதற்கு மேலும் டவுன்டவுனில் இடம் கிடைக்கவில்லையென்றால் ஊரை விட்டு வெளியேறுவதுதான் புத்திசாலித்தனம். கிழக்கே 8 மைல் அளவில் இப்ஸிலான்டி. அங்கே பழைய ரயில் நிலையத்தை ஒட்டிய டெப்போ டவுனில் சைட்டிராக் என்ற இடத்தில் பர்கரும் பீரும் நன்றாக இருக்கும். ஆன் ஆர்பரில் இரண்டு மணி நேரம் வாசலில் நிற்பதற்கு அங்கே போய்ச் சாப்பிட்டே திரும்பிவிடலாம்.

இரவு தங்குகிறவர்கள் ஞாயிறு காலையில் பக்கத்து ஊரான டெக்ஸ்டருக்குப் போங்கள். ஹ்யூரான் ஆற்றங்கரையில் 1886 முதல் இயங்கும் சைடர் மில்லில் அப்போது பிழிந்த ஆப்பிள் சைடரும் (வடிகட்டாத ஆப்பிள் சாறு, மது இல்லை) சூடான டோனட்டும் கிடைக்கும். பருவக் கடை அது, குளிர்காலத்துக்கு மூடிவிடுவார்கள். ஓஹையோ ஆட்டத்துக்கு வருகிறவர்கள் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே கிளம்புங்கள்.