பேக்கார்டு: உரிமையாளரைக் கேட்கும் முன் எந்த ஆண்டுக் கார் என்று கேளுங்கள்

‘வைத்திருப்பவரைக் கேளுங்கள்’ என்பதுதான் அமெரிக்காவின் பேக்கார்டு கார் நிறுவனம் அரை நூற்றாண்டுக்கு மேல் தன் விளம்பரங்களில் பயன்படுத்திய வாசகம். 1901 வாக்கில் காரைப் பற்றி விசாரித்து ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு அனுப்பக் கையேடு எதுவும் அச்சாகியிருக்கவில்லை. ஏற்கெனவே வாங்கியவரிடம் கேட்டுக்கொள்ளும்படி பதில் எழுதச் சொன்னார் ஜேம்ஸ் வார்டு பேக்கார்டு. தன் சரக்கின்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

இன்று பேக்கார்டின் வரலாற்றைப் படிப்பவர்களையும் பழைய பேக்கார்டு ஒன்றை வாங்க நினைப்பவர்களையும் குழப்புவது அதே வாசகம்தான். 1930-இல் வாங்கியவர் சொன்னதும், 1955-இல் வாங்கியவர் சொன்னதும், இப்போது ஒன்றைச் சீர்செய்து வைத்திருப்பவர் சொல்வதும் மூன்று வெவ்வேறு பொருள்களைப் பற்றியவை. மூன்றையும் ஒன்றாகக் கலந்து, ‘பேக்கார்டு அருமையான கார்’ என்றோ ‘பேக்கார்டு தரமிழந்த கார்’ என்றோ ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

தொடக்கக் கதையிலேயே ஒரு சறுக்கல் உண்டு. ஒஹாயோ மாநிலத்தின் வாரன் நகரில் அண்ணன் வில்லியமுடன் மின்விளக்குத் தொழில் நடத்திவந்த ஜேம்ஸ் பேக்கார்டு, 1898-இல் ஒரு வின்டன் காரை வாங்கினார். அது அடிக்கடி மக்கர் செய்தது. குறைகளைச் சொல்லப்போன இடத்தில், ‘அவ்வளவு தெரிந்தால் நீரே ஒன்று செய்துகொள்ளும்’ என்ற பொருளில் அந்தக் காரைச் செய்த அலெக்ஸாண்டர் வின்டன் பேசியதாகச் சொல்வார்கள். இந்தப் பேச்சை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறார்கள். ஆகவே மேற்கோள் குறிக்குள் அடைத்து வின்டனின் வாக்காகவே எழுதிவிடாதீர்கள். உறுதியாகச் சொல்லக்கூடியவை வேறு: வின்டன் நிறுவனத்திலிருந்து இருவர் பேக்கார்டோடு சேர்ந்தார்கள், 1899 நவம்பர் 6 அன்று வாரன் தெருக்களில் முதல் பேக்கார்டு ஓடியது. மனம் நொந்த ஓர் உரிமையாளர் தொடங்கிய நிறுவனம் அது. உரிமையாளரின் சொல்லையே அது விளம்பரமாக்கியதில் பொருத்தம் இருக்கிறது. 1903-இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க் வரை ஒரு காரில் முதன்முதலாகக் கடந்தவர் ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன். 63 நாள், வின்டன் காரில். அதே கோடையில் டாம் ஃபெட்ச் 61 நாளில் கடந்தார். அவர் ஓட்டியது ஒற்றை சிலிண்டர் பேக்கார்டு.

அந்த ஆண்டே நிறுவனம் டெட்ராய்ட்டுக்குப் பெயர்ந்தது. ஆல்பர்ட் கான் வடிவமைத்த கிழக்கு கிராண்ட் புலவார் தொழிற்சாலையில் 1905-இல் எழுந்த பத்தாம் எண் கட்டடம் வலுவூட்டிய கான்கிரீட்டால் ஆனது. 1915-இல் பன்னிரண்டு சிலிண்டர் ‘ட்வின் சிக்ஸ்’ வந்தது. 1921-இல் வாரன் ஹார்டிங் அதிபர் பதவியேற்புக்கு அதில்தான் போனார்; பதவியேற்புக்குக் காரில் சென்ற முதல் அதிபர் அவர். 1920-களின் பிற்பகுதியில் பேக்கார்டின் விற்பனை போட்டியாளரான கேடிலாக்கையும் மிஞ்சியது. அந்தத் தலைமுறை உரிமையாளர்கள் பேக்கார்டைக் கொண்டாடியதில் மிகை இல்லை.

இனி வருவதுதான் எல்லாரும் விழும் பள்ளம். ‘1935-இல் மலிவான 120 மாடலை விற்றுப் பேக்கார்டு தன் பெயரைக் கெடுத்துக்கொண்டது, அதனால் அழிந்தது’ என்பார்கள். கேட்பதற்குச் சரியாகவே தோன்றும். ஆனால் மலிவான கார் செய்யாத மற்ற உயர்தர நிறுவனங்களின் கதியைப் பாருங்கள். பியர்லெஸ் 1931-இல் கார் உற்பத்தியை நிறுத்திப் பிறகு பீர் காய்ச்சப் போனது. டூசன்பெர்க் 1937-இல் முடிந்தது, பியர்ஸ்-ஆரோ 1938-இல். பெருமந்தக் காலத்தில் மூவாயிரம் நாலாயிரம் டாலர் கொடுத்துக் கார் வாங்க ஆள் இல்லை. கேடிலாக்கைத் தாங்க ஜெனரல் மோட்டார்ஸ் இருந்தது, லிங்கனைத் தாங்க ஃபோர்டு இருந்தது. பேக்கார்டுக்குப் பின்னால் யாரும் இல்லை. 1934-இல் அதன் உற்பத்தி பத்தாயிரத்தைக்கூட எட்டவில்லை. 980 டாலரில் தொடங்கிய 120 வந்த பிறகு, 1937 மாடல் ஆண்டில் மொத்த உற்பத்தி 1,20,000-ஐத் தாண்டியது. மூழ்கிக்கொண்டிருந்தவரைக் கரையேற்றிய படகைப் பிடித்து, அதுதான் மூழ்கடித்தது என்று குற்றம் சாட்டுவது நியாயமா?

120 மட்டமான காரும் இல்லை. சுயேச்சையாக இயங்கும் முன் சஸ்பென்ஷனும் ஹைட்ராலிக் பிரேக்கும் முதலில் அதற்குத்தான் கிடைத்தன. விலை உயர்ந்த பெரிய பேக்கார்டுகள் அவற்றுக்காக 1937 வரை காத்திருந்தன. அன்று 120 வாங்கியவரைக் கேட்டிருந்தால், கொடுத்த பணத்துக்கு மேலேயே கிடைத்தது என்றுதான் சொல்லியிருப்பார்.

குறை வேறொரு இடத்தில் இருந்தது. கேடிலாக் தன் விலை குறைந்த காருக்கு ‘லாசால்’ என்று தனிப்பெயர் வைத்து, 1940-இல் அந்தப் பெயரையே கைவிட்டது. பேக்கார்டு எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே ரேடியேட்டர் முகம் வைத்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து, கொண்டுவந்து நிறுத்தும் கார் எல்லாம் விற்றுப்போன நாள்களிலும் நடுத்தர விலைக் கார்களையே அதிகம் செய்தது. மலிவான கார்களைக் ‘கிளிப்பர்’ என்று தனிப் பிராண்டாகப் பிரிக்க 1956 ஆகிவிட்டது. 120 சரியான முடிவு என்பதும், அதிலிருந்து வெளியே வரத் தெரியாததே பிழை என்பதும் என் கருத்து.

இன்னொன்றும் அடிக்கடி கண்ணில் படுகிறது: ‘ஸ்டூடிபேக்கர் பேக்கார்டை விழுங்கியது’ என்று எழுதுகிறார்கள். நடந்தது தலைகீழ். 1954 அக்டோபரில் இன்னொரு அமெரிக்கக் கார் நிறுவனமான ஸ்டூடிபேக்கரை வாங்கியது பேக்கார்டுதான். வாங்கப்போகும் நிறுவனத்தின் கணக்குகளைத் துருவிப் பார்க்காமல் வாங்கியது. ஸ்டூடிபேக்கர் நட்டமில்லாமல் ஓட ஆண்டுக்கு எத்தனை கார் விற்க வேண்டும் என்ற உண்மையான எண்ணிக்கை பிறகுதான் தெரியவந்தது. ‘ஸ்டூடிபேக்கர்-பேக்கார்டு’ என்ற இணைந்த நிறுவனத்தின் பெயரில் ஸ்டூடிபேக்கர் முன்னால் நிற்பதாலும், கடைசியில் அதுவே எஞ்சியதாலும் குழப்பம் வருகிறது.

போர்க்கால இன்ஜின்களிலும் கவனம் தேவை. ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் விமான இன்ஜினை உரிமம் பெற்று 55,000-க்கும் மேல் செய்து கொடுத்தது பேக்கார்டு. பிற்கால மஸ்டாங் போர் விமானங்களில் இருந்தது அதுவே. அமெரிக்கக் கடற்படையின் பி.டி. என்ற சிறிய டார்பிடோ படகுகளிலும் மெர்லின் இருந்ததாகச் சிலர் எழுதிவிடுகிறார்கள். படகுகளில் இருந்தது பேக்கார்டின் சொந்த வடிவமைப்பான வேறொரு பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜின். அதுபோலவே, ரூஸ்வெல்ட் பேக்கார்டின் உடல் தகடுகளை அழுத்திச் செய்யும் அச்சுகளை ஸ்டாலினுக்குக் கொடுத்தார், அவற்றைக் கொண்டே ‘ஸிஸ்-110’ என்ற சோவியத் கார் செய்யப்பட்டது என்ற கதையையும் நம்பிவிடாதீர்கள். தோற்றத்தில் அது பேக்கார்டு 180-ஐப் பார்த்துச் செய்ததுதான். ஆனால் இரண்டின் தகடுகளையும் அருகருகே வைத்தால் அளவு ஒத்துவராது.

இனி உரிமையாளர் அனுபவங்கள். பேக்கார்டு ‘முதலில் செய்தது’ என்ற பட்டியலைப் பார்த்து, அந்த வசதி அன்றைக்கே இன்றுபோல் இருந்தது என்று எண்ணுவது இயல்பு. 1940 மாடலில் வந்த குளிர்சாதனத்தை எடுத்துக்கொள்வோம். காரில் குளிர்சாதனம் கொடுத்த முதல் நிறுவனம் என்ற பெருமை பேக்கார்டுக்கு உண்டு. ஆனால் கம்ப்ரசருக்குக் கிளட்ச் கிடையாது. முற்றிலும் நிறுத்த வேண்டுமானால் இன்ஜினை அணைத்து, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். குளிர்விக்கும் பெட்டியோ பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் பாதியை அடைத்துக்கொண்டது.

1949-இல் வந்த ‘அல்ட்ராமேட்டிக்’ தானியங்கி கியரைப் பற்றியும் இரண்டு விதமாகக் கேள்விப்படுவீர்கள். வழுக்கிக்கொண்டு போகும் மென்மை என்பார் ஒருவர். அடிக்கடி பழுது என்பார் இன்னொருவர். இருவரும் சொல்வது உண்மை. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது அது மந்தமாகவே கிளம்பும். பொறுமை இல்லாதவர்கள் ‘லோ’வில் கிளப்பி, வேகம் எடுத்ததும் கையாலேயே ‘ஹை’க்குத் தள்ளினார்கள். அந்த வழக்கம் உள்ளே இருந்த கிளட்ச்சைத் தின்றது. பொறுமையாக ஓட்டியவரின் கார் நெடுநாள் உழைத்தது.

1955-ஆம் ஆண்டுக் காரைப் பற்றித்தான் மிகவும் கோபமான சொற்கள் வரும். அவற்றுக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. பேக்கார்டின் உடற்பகுதிகளை 1940-களிலிருந்து பிரிக்ஸ் என்ற நிறுவனம் செய்து கொடுத்தது. 1953 முடிவில் பிரிக்ஸைக் கிறைஸ்லர் வாங்கிவிட்டது. போட்டியாளரின் கையில் தன் காரின் உடல் சிக்கிக்கொண்ட நிலையில், பேக்கார்டு கானர் அவென்யூவில் இடம் போதாத ஓர் ஆலைக்கு உற்பத்தியை அவசரமாக மாற்றியது. அதே ஆண்டில் புதிய வி-8 இன்ஜின், புதிய சஸ்பென்ஷன் எல்லாம் ஒன்றாக வந்தன. கதவு பொருந்தவில்லை, தண்ணீர் ஒழுகுகிறது, டாப்பெட் (இன்ஜின் வால்வை இயக்கும் பாகம்) தடதடக்கிறது என்று புகார்கள் குவிந்தன. தடதடப்புக்கு எண்ணெய்ப் பம்போடு சேர்த்துப் பொருத்திய வாக்குவம் பம்பு ஒரு காரணம்: அது காற்றை எண்ணெயில் கலந்துவிடும். இன்று அதை மாற்றிப் பொருத்தும் வழிகள் சீர்செய்பவர்களுக்குத் தெரியும். எனவே 1955-இல் ஒருவர் பட்ட அவதியை இன்று நன்றாகச் சீர்செய்த காரின் மேல் ஏற்றக் கூடாது.

அதே காரின் ‘டார்ஷன்-லெவல்’ சஸ்பென்ஷனை ஓட்டிப் பார்த்தவர்கள் இன்றும் வியக்கிறார்கள். சுருள் ஸ்பிரிங்கே இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் ஒரு நீண்ட முறுக்குக் கம்பி இணைக்கிறது. ரயில் கடவையில் மற்ற கார்கள் தூக்கிப்போடும் இடத்தில் இது மிதந்து கடக்கும். பின்னால் ஆள் ஏறினால், சில வினாடி பொறுத்து ஒரு மின்மோட்டார் காரைச் சமநிலைக்குக் கொண்டுவரும். என் கண்ணில் அன்றைய அமெரிக்கக் கார்களிலேயே மிகத் துணிச்சலான பொறியியல் அது.

இந்தத் துணிச்சலில் வாங்குபவருக்கு ஓர் ஆபத்தும் இருக்கிறது. சமநிலைப்படுத்தும் மோட்டாரின் சுவிட்சை அணைக்காமல் ஜாக்கி வைத்துத் தூக்காதீர்கள். கார் தானாக அசையும். அந்த முறுக்குக் கம்பிகள் பெரும் விசையோடு திருகப்பட்டவை. உரிய கருவியும் பழக்கமும் இல்லாமல் கழற்றினால் கை கால் போகும். நண்பர் சொன்னார், காணொளியில் பார்த்தேன் என்று இதில் இறங்கவே கூடாது.

பேட்டரி விஷயம் அதைவிடச் சாதாரணமாகத் தோன்றும், ஆனால் அதிகம் பேரைப் பதம் பார்க்கிறது. போருக்குப் பிந்தைய பேக்கார்டுகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையைத்தான் உடலோடு இணைத்திருப்பார்கள். 1954 வரை 6 வோல்ட். 1955-இல் 12 வோல்ட்டுக்கு மாறியது. ‘12 வோல்ட்டுதானே, இன்றைய கார் போலத்தான் இருக்கும்’ என்று நெகடிவ் முனையை உடலில் மாட்டுகிறார்கள். முனை மட்டும் மாறவில்லை. 1955, 1956 கார்களிலும் உடலோடு சேர்வது பாசிட்டிவ்தான். மாற்றி மாட்டினால் ஜெனரேட்டரும் ரெகுலேட்டரும் பாழாகும்.

உதிரி பாகம் தேடும்போது பதிவுச் சான்றிதழில் உள்ள ஆண்டை மட்டும் நம்பாதீர்கள். பேக்கார்டு தன் கார்களை ஆண்டால் அடையாளப்படுத்தாமல் ‘சீரிஸ்’ எண்ணால் அடையாளப்படுத்தியது. ஒரு சீரிஸ் ஜனவரியில் தொடங்கும் என்ற கட்டாயமும் இல்லை. விற்ற ஆண்டையே பதிவு ஆண்டாக எழுதிவிட்டதும் உண்டு. 1935-இல் 12-ஆம் சீரிஸ், 1936-இல் 14-ஆம் சீரிஸ். 13 என்ற எண்ணை ராசி பார்த்துத் தாண்டிவிட்டார்கள். தன் பட்டியலில் 13 இல்லையே என்று தேடித் தவிப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

கடைசியாக, 1957, 1958 கார்கள். 1956 ஜூனில் டெட்ராய்ட்டில் பேக்கார்டு உற்பத்தி நின்றது. பிறகு இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில், ஸ்டூடிபேக்கரின் உடலில் பேக்கார்டு பெயரை ஒட்டி இரண்டு ஆண்டுகள் விற்றார்கள். 1958 ஜூலையில் அதுவும் முடிந்தது. இவற்றை வைத்துப் பேக்கார்டை எடைபோடுவது தவறு. இவற்றைக் குப்பை என்று ஒதுக்குவதும் தவறு: 1957-ஆம் ஆண்டுக் காரில் சூப்பர்சார்ஜர் பொருத்திய நல்ல வி-8 இன்ஜின் இருந்தது. ஸ்டூடிபேக்கராகப் பார்த்தால் அது நல்ல கார். 1930-களின் பெரிய எட்டு சிலிண்டர் பேக்கார்டின் வாரிசாக எதிர்பார்த்து வாங்கியவர்தான் ஏமாந்தார்.

கிழக்கு கிராண்ட் புலவார் தொழிற்சாலையை 2022-இல் இடிக்கத் தொடங்கினார்கள். கார்களைப் பார்க்க வேண்டுமானால், எல்லாம் தொடங்கிய வாரன் நகரிலேயே தேசிய பேக்கார்டு அருங்காட்சியகம் இருக்கிறது. டேட்டன் நகரில் பழைய பேக்கார்டு விற்பனைக் கூடத்திலேயே இன்னொன்று நடக்கிறது. 1899-இல் ஓடிய அந்த முதல் கார், ஜேம்ஸ் பேக்கார்டு படித்த லீஹை பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.