எட்டுச் சேனல் மைக் ப்ரீஆம்ப்பில் கேட்ட ‘டிக்’ ஓசை

எட்டுச் சேனல் மைக் ப்ரீஆம்ப்பை (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி) ஆப்டிகல் கேபிள் வழியாக, ஒலியைக் கணினிக்குக் கொண்டுசெல்லும் ஆடியோ இன்டர்ஃபேஸுடன் இணைத்துப் பதிவு செய்தபோது, ஒழுங்கற்ற இடைவெளியில் ‘டிக்’ என்ற ஓசை விழுந்துகொண்டே இருந்தது. கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) நன்றாகக் குறைத்து, ஒலி எல்லை மீறினால் எரியும் கிளிப் விளக்கு எரியவே இல்லை என்று உறுதிசெய்த பிறகும் அது தொடர்ந்ததால், சிக்கல் ஒலி அளவில் இல்லை, கடிகார ஒத்திசைவில்தான் (இரு கருவிகளும் ஒரே தாளத்தில் ஒலியை அளப்பதில்தான்) இருக்க வேண்டும் என்று கருதினேன். அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, வளைந்து செல்ல வேண்டிய கோடு ஓரிடத்தில் செங்குத்தாக முறிந்திருந்தது; சாம்பிள் (ஒலியின் ஒரு தனி அளவீடு) விடுபடும்போது தோன்றும் தழும்பு இத்தகையதே.

இரண்டு கருவிகளும் 48 கிலோஹெர்ட்ஸில்தான், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிள் என்ற வேகத்தில்தான் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் தன் உட்கடிகாரத்தையே பின்பற்றியது. ப்ரீஆம்ப்பைத் தலைமைக் கடிகாரமாக விட்டுவிட்டு, இன்டர்ஃபேஸின் கடிகார மூலத்தை ஆப்டிகல் உள்ளீட்டுக்கு மாற்றியதும் ஓசை நின்றது.

அதன் பிறகே கெயினைச் சரிசெய்தேன். ஆப்டிகலில் வரும் சேனல்களை இன்டர்ஃபேஸின் மைக் கெயின் குமிழ்கள் தொடுவதே இல்லை என்பதால், எல்லாவற்றையும் ப்ரீஆம்ப்பிலேயே முடிக்க வேண்டும். பாடகரை மிக உரத்த வரியைப் பாடச் சொல்லி, உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் (பூஜ்யமே மேல் எல்லை) தாண்டாமலும் சராசரி மைனஸ் 18-ஐ ஒட்டியும் வைத்தேன். 24 பிட் பதிவுக்கு அதுவே தாராளம்.