உயர்நிலைப் பள்ளிக்கு மாறும் பிள்ளைக்குப் படிப்பில் கைகொடுப்பது எப்படி?

உயர்நிலைப் பள்ளியின் முதல் சில மாதங்களில் மதிப்பெண் சரிந்தால், பல நேரம் புதுப் பாடம் காரணமாக இருக்காது. கீழ் வகுப்பில் விட்டுப்போனது இப்போதுதான் வெளியே தெரிகிறது. டியூஷனில் சேர்ப்பதற்கு முன் அந்த ஓட்டை எங்கே என்று பாருங்கள்.

கணக்கில் தொடங்குங்கள். பின்னம், குறை எண், விகிதம், எளிய சமன்பாடு ஒவ்வொன்றிலும் ஐந்து, மொத்தம் 20 கணக்கு கொடுங்கள். கால்குலேட்டர் வேண்டாம், நேரக் கெடுவும் வேண்டாம். விடையைவிட வழிமுறையைத்தான் பார்க்க வேண்டும். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருந்தால், மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறது பிள்ளை. உடனே திருத்தாமல், "அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா?" என்று கேளுங்கள். தவறு தானாகவே கண்ணில் படும். 10 − (6 − 2) என்பதற்கு 2 என்று விடை வந்தால், அடைப்பை நீக்கும்போது உள்ளே இருக்கும் குறியை மாற்றவில்லை என்று பொருள். இதைக் கவனிக்காமல் விட்டால் இயற்கணிதம் முழுக்கத் தொல்லைதான்.

அடுத்து வாசிப்பு. அறிவியல் புத்தகத்தில் ஒரு பக்கம் படிக்கச் சொல்லி, மூடிவைத்து, மூன்றே வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். திணறினால், எந்தச் சொல்லில் தடுக்கியது என்று கேளுங்கள். அறிவியல் புரியவில்லை என்று நாம் நினைப்பது பாதி நேரம் சொல் புரியாததுதான்.

பாடத்துக்கு ஓர் ஆசிரியர் என்பதால், ஒருவர் கொடுத்த வேலை இன்னொருவருக்குத் தெரியாது. எல்லா வீட்டுப்பாடமும் ஒரே நோட்டில் ஏறட்டும். முடிக்கும் தேதியோடு தொடங்கும் தேதியையும் எழுத வேண்டும். அது இல்லாததால்தான் கடைசி இரவில் மூன்று வேலை குவிகிறது.

கோடு போட்டுத் திரும்பத் திரும்பப் படித்தால் எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கும், தேர்வில் வராது. புத்தகத்தை மூடி எழுதிப் பார்ப்பதே பலன் தரும்: மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, வாரம் கழித்து ஒருமுறை. மறதி முதல் நாளிலேயே வேகமாக நடக்கிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்மீதே சோதித்து 1885இல் எழுதினார்.

முதல் தேர்வுத்தாள் வந்ததும் திட்டாதீர்கள், பாவம். இழந்த மதிப்பெண்ணை மூன்றாகப் பிரியுங்கள்: தெரியாதது, தெரிந்தும் தவறவிட்டது, நேரம் போதாதது. முதல் வகைக்குத்தான் மறுபடி பாடம் நடத்த வேண்டும். இரண்டாவதற்கு விடையைச் சரிபார்க்கும் பழக்கமும், மூன்றாவதற்குக் கடிகாரம் வைத்துப் பயிற்சியும் போதும்.